‘பல்லி’யைப் பார்த்துச் சிரித்தால் பள்ளி வேன் வருமா?

‘பல்லிக்குப் போற வேன் ரெண்டு நாளா வரல’ என்று ஜாசின் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தாய் புலனக் குழுவில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். அடுத்து என்ன வரும் என்பது அத்தகைய குழுக்களில் இருப்போருக்குத் தெரிந்ததே. சுவரில் ஒட்டிய பல்லியின் படம் வரும். சிரிக்கும் முகங்கள் வரிசையாக வரும். ‘தமிழைக் கொல்லாதீர்கள்’ என்று ஓர் அறிவுரையும் வரும். வேன் மட்டும் வராது.

ஆலய நிலம், தோட்ட வீடு, பள்ளி இடமாற்றம் என எந்த விவாதம் எழுந்தாலும் இதே கதைதான். கருத்துக்குப் பதில் சொல்ல முடியாதவர் எழுத்தைப் பிடித்துக்கொள்கிறார். மாட்டிக்கொள்பவர் பெரும்பாலும் ஆறாம் ஆண்டோடு தமிழ் வகுப்பை விட்டவர்.

பிழை பிழைதான், அதில் மறுப்பில்லை. ஆனால், அது எங்கிருந்து வருகிறது? பலர் நாவில் ‘பழம்’ என்பது ‘பளம்’தான். ‘ர’வும் ‘ற’வும் காதுக்கு ஒன்றே. இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் பாடமெல்லாம் மலாய்; அதில் லகரம் ஒன்று, ரகரம் ஒன்று. போதாக்குறைக்குக் கைப்பேசி வேறு. அது காட்டும் சொற்களில் விரல் சற்று விலகினால் ‘பள்ளி’ ‘பல்லி’ ஆகிவிடும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1985இல் முரசு அஞ்சலை உருவாக்கிக் கணினியில் தமிழ் எழுத வழி செய்த முத்து நெடுமாறன் மலேசியர். அவரது செல்லினம் 2005இல் கைப்பேசிக்கும் வந்தது. அதன் பிறகும் ரோமன் எழுத்திலேயே தமிழை எழுதுவோர் ஏராளம். அவர்களின் எழுத்தைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. தமிழ் எழுத்தில் முயன்றவர்தான் கேலிக்கு ஆளாகிறார். ஒருமுறை பட்டவர் அடுத்த முறை ரோமன் எழுத்துக்கோ குரல் பதிவுக்கோ போய்விடுகிறார், அல்லது வாயே திறப்பதில்லை. ‘பள்ளி வேன் ஓட்டுநரிடம் கேட்டுச் சொல்கிறேன், அக்கா’ என்று பதில் எழுதினால் வேலையும் நடக்கும், சரியான ‘ள்’ளும் அதிலேயே இருக்கும்.

மொழி கைவிட்டுப் போவது எப்படியிருக்கும் என்று அறிய மலாக்காக்காரர்கள் தொலைவில் தேட வேண்டியதில்லை. காஜா பேராங்கில் வாழும் மலாக்கா செட்டி சமூகத்தினர், சுல்தான் ஆட்சிக் காலத்தில் வந்த தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள். அவர்களின் முன்னோர் 1781இல் எழுப்பிய பொய்யாத விநாயகர் ஆலயம் இன்றும் நிற்கிறது. பொங்கல் உண்டு, முன்னோர் படையல் உண்டு. வீட்டில் பேசுவது மலாய். கேலியால் அது நேரவில்லை. கலப்பு மணமும் காலமும் செய்த வேலை. ஆனால், அங்கே திருத்துவதற்கு எழுத்துப் பிழைகூட மிஞ்சவில்லை.

கண்டிப்பு தேவைப்படும் இடம் வேறு. அரசு நிகழ்ச்சிப் பதாகை, அறிவிப்புப் பலகை, அரசியல்வாதிகளின் தீபாவளி வாழ்த்து எல்லாம் பணம் கொடுத்து அச்சடிக்கும் தமிழ். கணினி மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டி, படிக்க முடியாதபடி வைப்பதும் நாட்டில் பழகிப்போன செய்தி. அதைப் படம் பிடித்து, சரியான வாசகத்தோடு உரிய அலுவலகத்துக்கு அனுப்பலாம். தோட்டத்துத் தாயிடம் காட்டும் வீரத்தில் பாதியாவது அங்கே காட்டலாமே!

எழுத்துப் பிழை குறைய வேண்டும் என்று உண்மையிலேயே கவலைப்படுவோருக்கு 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஒரு பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால், இயலும் நிலையில், அங்கே தமிழ் வகுப்பு நடத்த வேண்டும். அலோர் காஜாவிலும் ஜாசினிலும் பிள்ளைகள் வெவ்வேறு இடைநிலைப் பள்ளிகளுக்குச் சிதறிப் போகும்போது இந்த 15 சேர்வது எளிதல்ல. முதலாம் படிவச் சேர்க்கைக்கு முன்பே வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்க ஆள் வேண்டும்.