லாரியில வந்த கிளாஸ்ரூம்

"அக்கா, எங்க புது கிளாஸ்ரூம் நேத்து லாரியில வந்துச்சு!"

கனடாவுல ஆறாங்கிளாஸ் படிக்கிற சித்தி பையன் போன்ல இப்படிச் சொன்னப்போ, பயபுள்ள நல்லா ரீல் விடுறான்னுதான் நினைச்சேன். அடுத்த நிமிஷமே போட்டோ வந்துச்சு. விளையாட்டு மைதானத்தோட ஓரத்துல சாம்பல் கலர்ல ஒரு நீளமான பெட்டி. ரெண்டு ஜன்னல், ஒரு கதவு, மரத்துல நாலு படி, பக்கத்துல வீல்சேர் ஏறுறதுக்கு ஒரு சரிவு. "இதுக்குப் பேரு போர்ட்டபிள்"னு பெருமையா சொன்னான்.

சிவில் படிக்கிற பொண்ணு இதைப் பார்த்துட்டு சும்மா இருக்க முடியுமா? தோண்ட ஆரம்பிச்சேன். பெட்டிக்குள்ள பெரிய கதையே இருக்கு மக்களே!

முதல்ல பெட்டி எப்படி வருதுன்னு பார்த்துடுவோம். அமெரிக்காவுல கலிஃபோர்னியா பக்கம் ரொம்ப சகஜமான சைஸ் 24 அடிக்கு 40 அடி, அதாவது 960 சதுர அடி. இதை முழுசா ரோட்டுல கொண்டு போக முடியாது. அதனால ஃபேக்டரியிலயே 12 அடி அகலத்துல ரெண்டு பாதியா செஞ்சு, தனித்தனி லாரியில ஏத்தி, இடத்துல இறக்கி, நடுவுல சேர்த்து போல்ட் போட்டுடுவாங்க. கரன்ட் கனெக்ஷன், ஃபயர் அலாரம், சுவத்துல தொங்குற ஏ.சி... முடிஞ்சது கதை. நம்ம ஊர்ல பில்லர் கம்பி கட்டி முடிக்கிற நேரத்துல அங்க பசங்க உட்கார்ந்து பாடமே படிக்க ஆரம்பிச்சுடுவாங்க.

இதுக்கு ஏன் இவ்ளோ அவசரம்? ஒரு உதாரணம். 1996-ல கலிஃபோர்னியா அரசு, சின்ன கிளாஸ் குழந்தைங்களுக்கு ஒரு வகுப்புல 20 பேருக்கு மேல இருக்கக் கூடாது, அப்படிக் குறைக்கிற பள்ளிகளுக்கு ஒரு குழந்தைக்கு 650 டாலர் தர்றோம்னு அறிவிச்சுது. சூப்பர் திட்டம்தான். ஆனா அறிவிச்சது ஜூலை மாசம், ஸ்கூல் திறக்கிறதுக்குக் கொஞ்ச நாள்தான் பாக்கி. முப்பது பேர் இருந்த வகுப்பை ரெண்டாப் பிரிச்சா, ரெண்டாவது பாதியை எங்க உட்கார வைக்கிறது? கூப்பிடு லாரியை! 2000-களோட தொடக்கத்துல அந்த மாநிலத்துல மட்டும் 80 ஆயிரம் போர்ட்டபிள் வகுப்பறைகளுக்கு மேல இருந்துச்சு. ஏறக்குறைய மூணு கிளாஸுக்கு ஒண்ணு பெட்டி!

இப்ப மேட்டருக்கு வருவோம். இந்தப் பெட்டியை இறக்க யார்கிட்ட பர்மிஷன் வாங்கணும்?

நம்ம ஊர்ல எஃப்.எம்.மைத் திருப்பினாலே 'டி.டி.சி.பி. அப்ரூவ்டு ப்ளாட்'னு காதுல விழும். அதே மாதிரி அங்கயும் ஊருக்கு ஊர் ஸோனிங் சட்டம் உண்டு. இந்தத் தெருவுல வீடு மட்டும்தான், அந்தப் பக்கம் கடை, ரோட்டுலேருந்து இத்தனை அடி தள்ளித்தான் கட்டணும், இத்தனை கார் நிறுத்த இடம் விடணும்னு எல்லாத்துக்கும் கணக்கு இருக்கு. பள்ளிக்கூடம் பெட்டி இறக்கப்போகுதுன்னா பல ஊர்கள்ல அக்கம்பக்கத்துக்காரங்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்பாங்க. அங்கதான் சண்டை. 'எங்க தெருவுல டிராஃபிக் ஆகும்', 'கிரவுண்டு போயிடும்', 'பார்க்கவே அசிங்கமா இருக்கும்'... பக்கத்து வீட்டுக்காரரோட ஜன்னல் வியூவுக்காக நாப்பது பிள்ளைங்க வராண்டாவுல உட்காரணுமான்னு நமக்கே கோபம் வரும்.

கலிஃபோர்னியாக்காரங்க இதுக்கு ஒரு வழி வெச்சிருக்காங்க. பள்ளி மாவட்டத்தோட போர்டு மூணுல ரெண்டு பங்கு ஓட்டுப் போட்டு, 'நகரத்தோட ஸோனிங் சட்டம் இந்த இடத்துக்குப் பொருந்தாது'ன்னு தீர்மானம் போட்டுடலாம். ஆனா இது பாடம் நடத்துற கட்டிடங்களுக்கு மட்டும்தான். குடோன், ஆபீஸ், பஸ் நிறுத்துற ஷெட்டுன்னு வந்தா செல்லாது. நகரத்துக்குப் பிடிக்கலைன்னா கோர்ட்டுக்குப் போகலாம்.

'அப்ப என்ன வேணா இறக்கலாமா?'ன்னு கேட்டா, அங்கதான் செக். ஸோனிங்கை ஓட்டுப் போட்டுத் தாண்டலாம், பாதுகாப்புச் சட்டத்தைத் தாண்ட முடியாது. அந்தச் சட்டம் பிறந்த கதை நம்ம எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டியது.

1933 மார்ச் 10, வெள்ளிக்கிழமை. லாங் பீச் பக்கத்துல நிலநடுக்கம். எழுபது பள்ளிக்கூடங்கள் தரைமட்டம். நூறுக்கு மேல நின்னும் பிரயோஜனமில்லாத நிலைமை. ஆனா நேரம் சாயங்காலம் 5.54. பெரும்பாலான பசங்க வீட்டுக்குப் போயாச்சு! சில மணி நேரம் முன்னாடி வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சுப் பார்த்தே அந்த ஊர் நடுங்கிடுச்சு. சரியா ஒரே மாசத்துல, ஏப்ரல் 10-ம் தேதி, ஃபீல்டு சட்டம் வந்துச்சு. அரசுப் பள்ளிக் கட்டிடத்தோட டிசைனை மாநில அரசு செக் பண்ணணும், கட்டும்போதும் ஆள் நின்னு பார்க்கணும். இன்னிக்கும் அங்க போர்ட்டபிளுக்கும் அந்த ரூல்தான். 'தற்காலிகம்தானே சார்'ங்கிற டயலாக் எடுபடாது.

இதைப் படிக்கும்போது எனக்கு நம்ம ஊர் ஞாபகம் வராம இல்ல. 2004 ஜூலை 16, கும்பகோணம். நான் பிறக்கிறதுக்கு முன்னாடி நடந்தது. ஆனா எங்கம்மா இன்னும் அந்தத் தேதியைச் சொல்லும்போது குரல் மாறும். ஒரே கட்டிடத்துக்குள்ள ஒண்ணுக்கு மேற்பட்ட பள்ளிங்க, நெருக்கியடிச்சு குழந்தைங்க, மேல கீற்றுக் கொட்டகை. சமையல் நடந்த இடத்துல பிடிச்ச தீ கூரைக்குத் தாவுச்சு. 94 குழந்தைகள். அங்க நேரம் சாயங்காலம் இல்ல, காலையில கிளாஸ் நடந்துட்டு இருந்த நேரம். அதுக்கப்புறம்தான் பள்ளிகள்ல கீற்றுக் கூரையை எடுக்கச் சொல்லி உத்தரவு வந்துச்சு.

கொட்டகையும் பெட்டியும் ஒண்ணு இல்ல, ஒத்துக்கிறேன். ஆனா ரெண்டும் ஒரே வார்த்தையைச் சொல்லித்தான் உள்ள வருது: 'இப்போதைக்கு'. இடம் இல்ல, இப்போதைக்கு இதுல உட்காருங்க. அந்த 'இப்போதைக்கு'க்குள்ளதான் யாரும் செக் பண்ணாத எல்லாமும் ஒளிஞ்சுக்குது.

சரி, பாதுகாப்பு ஓகேன்னா, ஸோனிங் மீட்டிங்கை எல்லாம் மூட்டை கட்டிடலாமா? நானும் முதல்ல அப்படித்தான் எழுதலாம்னு இருந்தேன். சிகாகோ கதை படிச்சதும் பேனா நின்னுடுச்சு.

1960-கள்ல சிகாகோவுல கறுப்பினப் பசங்க படிச்ச பள்ளிகள் பிதுங்கி வழிஞ்சுது. காலையில ஒரு செட், மதியம் ஒரு செட்டுன்னு ஷிஃப்ட் போட்டுப் பாடம். அதே நகரத்துல வெள்ளைக்காரப் பிள்ளைங்க படிச்ச பள்ளிகள்ல காலி பெஞ்சுகள் இருந்துச்சு. பசங்களை அங்க மாத்தினாலே பாதி பிரச்னை முடிஞ்சிருக்கும். ஆனா 1953-லேருந்து 1966 வரைக்கும் பள்ளிகளோட சூப்பரின்டெண்டெண்டா இருந்த பெஞ்சமின் வில்லிஸ் என்ன செஞ்சார் தெரியுமா? கறுப்பின ஏரியாப் பள்ளிகளுக்கு அலுமினியப் பெட்டிகளை அனுப்பினார். ஜனங்க அதுக்கு வெச்ச பேரு 'வில்லிஸ் வேகன்'. இடப் பற்றாக்குறைக்குத் தீர்வுன்னு பேரு. உண்மையில, பிள்ளைங்க கலந்துடாம பார்த்துக்கிற வேலை.

1963 ஆகஸ்ட்ல, 73-வது தெருவும் லோ அவென்யூவும் சந்திக்கிற இடத்துல பெட்டிகளை இறக்க வந்தப்போ ஜனங்க மறிச்சாங்க. கைதானவங்கள்ல சிகாகோ யுனிவர்சிட்டி மாணவர் ஒருத்தர், வயசு 21. கோர்ட்டுல 25 டாலர் அபராதம். அந்தப் பையன் பேரு பெர்னி சாண்டர்ஸ்! பின்னாடி செனட்டராகி, ஜனாதிபதி வேட்பாளராகறதுக்கு ரெண்டு தடவை மோதினாரே, அவரேதான். அதே வருஷம் அக்டோபர் 22-ம் தேதி ரெண்டு லட்சத்துக்கு மேல மாணவர்கள் ஒரே நாள்ல ஸ்கூலுக்கு மட்டம். படம் பார்க்க இல்ல பாஸ், பெட்டி வேணாம்னு சொல்ல!

அவங்க கேட்ட கேள்வி இதுதான்: 'பக்கத்து ஏரியாவுல பெஞ்ச் காலியா இருக்கும்போது எங்க பிள்ளைங்களுக்கு மட்டும் எதுக்குப் பெட்டி?' சட்டம் பெட்டியோட போல்ட்டை செக் பண்ணும், ஃபயர் அலாரத்தை செக் பண்ணும். ஆனா இந்தக் கேள்வியை எந்த இன்ஜினீயரும் கேட்க மாட்டார். ஊர் ஜனம் உட்கார்ந்து பேசுற ஒரு இடத்துலதான் அது வெளிய வரும். அந்த மீட்டிங்கை மொத்தமா மூடிட்டா ஜன்னல் வியூ மாமாவோட சேர்த்து இவங்க வாயையும் மூடின மாதிரிதான்.

கனடா இப்போ எதிர்த்திசையில போய்ட்டிருக்கு. சித்தி பையன் இருக்கிற ஒன்டாரியோ மாகாணத்துல, 2007 ஜனவரி 1-க்கு முன்னாடியே இருந்த அரசுப் பள்ளிகள் பெட்டி இறக்கறதுக்கு நகரத்தோட சைட் ப்ளான் பரிசீலனை தேவையில்லைன்னு ஏற்கெனவே விதிவிலக்கு உண்டு. 2025-ல வந்த சட்டம் அதை எல்லா அரசுப் பள்ளிகளுக்கும் நீட்டிடுச்சு. கட்டிட பர்மிட் மட்டும் வாங்கியாகணும். வேகம் நல்லதுதான். புதுசு புதுசா வீடு முளைக்கிற ஊர்ல பிள்ளைங்க காத்திருக்க மாட்டாங்க.

ஆனா வேகமா வந்தது வேகமா போகுதா? அதே நாட்டுல பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துல சர்ரேன்னு ஒரு ஊர். 2017 தேர்தல்ல, 'நாலு வருஷத்துல சர்ரேயில போர்ட்டபிளே இருக்காது'ன்னு வாக்குறுதி கொடுத்த கட்சி ஆட்சிக்கே வந்துடுச்சு. நாலு வருஷமும் ஓடிப்போச்சு. பெட்டிகள் நூத்துக்கணக்குல அப்படியேதான் நின்னுச்சு. கட்டிடம் எழும்புற வேகத்தைவிட பிள்ளைங்க வர்ற வேகம் ஜாஸ்தி.

நிக்கிற பெட்டிக்குள்ள என்ன நடக்குதுன்னும் கலிஃபோர்னியா அரசே ஆராய்ச்சி பண்ணி 2004-ல ரிப்போர்ட் கொடுத்துச்சு. பிளைவுட் மாதிரி ஒட்டுப் பலகைகள்லேருந்து ஃபார்மால்டிஹைடு வாயு வெளிய வருது. ஏ.சி. போடற சத்தத்துல டீச்சர் குரல் கேட்கறதில்ல. அதனால டீச்சரே அதை ஆஃப் பண்ணிடறாங்க. ஆஃப் பண்ணினா உள்ள வெளிக்காத்து வராது. மதியம் கடைசி பீரியடுல பசங்க தூங்கி வழிஞ்சா கணக்குப் பாடத்தை மட்டும் குத்தம் சொல்லாதீங்க! ரெண்டு மாசம்னா பொறுத்துக்கலாம். ஒரு பிள்ளையோட மொத்த ஸ்கூல் வாழ்க்கையும் அதுக்குள்ளயே போச்சுன்னா?

என்னைக் கேட்டா விஷயம் சிம்பிள். பாதுகாப்பு செக்ல ஒரு இன்ச் கூட விட்டுக்கொடுக்காதீங்க. ஸோனிங் அனுமதியை ஒரு மாசத்துல கொடுத்துடுங்க, மூணு வருஷம் இழுக்காதீங்க. ஆனா அந்த அனுமதிச் சீட்டுல ரெண்டு வரி கட்டாயம் இருக்கணும். ஒண்ணு, பக்கத்துப் பள்ளிகள்ல எத்தனை இடம் காலியா இருக்குங்கிற கணக்கு. ரெண்டு, இந்தப் பெட்டியை எடுக்கப்போற தேதி. பால் பாக்கெட்டுக்கே தேதி போடறோம், பிள்ளைங்க உட்கார்ற பெட்டிக்குப் போட மாட்டோமா? தேதி தாண்டினா மறுபடியும் ஊரைக் கூட்டிக் காரணம் சொல்லட்டும். அப்பதான் நிஜக் கட்டிடத்துக்குப் பணம் ஒதுக்கறவங்களுக்குத் தூக்கம் கலையும்.

இதையெல்லாம் படிச்சு முடிச்சுட்டு சித்தி பையனுக்கு மறுபடி போன் போட்டேன்.

"எப்படிடா இருக்கு உன் லாரி கிளாஸ்?"

"ஜாலிக்கா. கிரவுண்டு பக்கத்துலயே இருக்கு. ஆனா பாத்ரூம் போகணும்னா ஜாக்கெட் மாட்டிக்கிட்டு பனியில மெயின் பில்டிங் வரைக்கும் ஓடணும்."

"எப்ப எடுப்பாங்களாம்?"

பய ரொம்ப நேரம் பேசவே இல்ல. நான் கேட்ட கேள்வியே அவனுக்குப் புரியலைன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.

"ஏன்க்கா எடுக்கணும்? இதுக்குப் பக்கத்துப் பெட்டி நான் ஒண்ணாங்கிளாஸ் சேர்ந்தப்பவே இருந்துச்சே!"

அவ்ளோதான் மக்களே. அடுத்த வாரம் சந்திப்போம். உங்க காலேஜ்ல 'இப்போதைக்கு'ன்னு ஆரம்பிச்சு இன்னும் நிக்கிற ஷெட்டு, லேப், கேன்டீன் ஏதாவது இருந்தா எழுதிப் போடுங்க. எத்தனை வருஷமா நிக்குதுன்னு மறக்காம சொல்லுங்க.