சாவி வந்த வழி

பரீட்சை முடிந்து லீவு விட்டால் போதும், "அம்மா, ஒரு கேம் கீ வாங்கணும், ஐந்நூறு ரூபாய் தாங்களேன்" என்று பிள்ளைகள் முந்தானையைப் பிடித்துக்கொள்கிறார்கள். கீ என்றால் என்ன, அதை எங்கே வாங்குகிறான் என்று கேட்காமலே, தொந்தரவு விட்டால் சரி என்று பணத்தைக் கொடுத்துவிடுகிறோம். சகோதரிகளே, இந்தத் தடவை அந்தச் சாவியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

எங்கள் செக்காலைப் பக்கத்துப் பழைய வீட்டுச் சாவிகள் கைக்குக் கனமாக இருக்கும். கம்ப்யூட்டர் விளையாட்டின் சாவிக்குக் கனமே கிடையாது. ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரி, அவ்வளவுதான். ஸ்டீம் என்ற இணையக் கடையில் பையன் தன் கணக்கில் அதை அடித்தால் விளையாட்டு அவனுக்கு வந்துவிடும். ஆனால், அந்தச் சாவி தவறான வழியில் போனது என்று தெரிந்தால், விளையாட்டைத் தயாரித்த கம்பெனி அதை ரத்து செய்துவிடலாம். இது நம்மில் பலருக்குத் தெரியாது.

எங்கள் வீதியில் ஓர் ஆச்சியின் பேரன், பொங்கலுக்குக் கிடைத்த காசைச் சேர்த்து வைத்திருந்தான். இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் விளையாட்டுக்குச் சாவி தொள்ளாயிரம் ரூபாய்க்கு ஓரிடத்தில் கிடைக்க, வாங்கிவிட்டான். மூன்று வாரம் ஆனந்தமாக விளையாடினான். நான்காவது வாரம் அது கணக்கிலேயே இல்லை! விற்றவனுக்கு எழுதினால் பதிலே இல்லை. பையன் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். ஆச்சி அவனைத் திட்டவில்லை. "நீ யாருகிட்ட வாங்குனே ராசா? அவுக அதை யாருகிட்ட வாங்குனாக?" என்று மட்டும் கேட்டார்கள். பையனுக்குப் பதில் தெரியவில்லை.

கேட்க வேண்டிய கேள்வி அதுதானே! ஒரு வெண்கல உருளி பாதி விலைக்கு வந்தால், "இது எந்த வீட்டுச் சாமான்?" என்று கேட்காமல் நாம் வாங்குவோமா? திருட்டுச் சாமான் என்றால் உருளியும் போகும், கொடுத்த காசும் போகும்.

சாவியிலும் திருட்டு உண்டு. எப்படி என்கிறீர்களா? யாரோ ஒருவருடைய கிரெடிட் கார்டு எண்ணைத் திருடுகிறார்கள். அதை வைத்து விளையாட்டுக் கம்பெனியிடம் சாவிகளை மொத்தமாக வாங்குகிறார்கள். பிறகு மறுவிற்பனைச் சந்தையில் பாதி விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். முதல் போடாத சரக்கு, என்ன விலைக்கு விற்றாலும் லாபம்தான். கார்டுக்குச் சொந்தக்காரர் பேங்கில் புகார் செய்ததும், பேங்க் அந்தப் பணத்தைக் கம்பெனியிடமிருந்து திரும்ப வாங்கிவிடும். கம்பெனிக்குச் சாவியும் போச்சு, பணமும் போச்சு, அதற்கு மேல் அபராதக் கட்டணம் வேறு. அப்போது அவர்கள் சாவியை ரத்து செய்கிறார்கள். கடைசியில் அழுவது நம் பிள்ளை.

இது கதையல்ல. 2013-இல் 'நேச்சுரல் செலக்‌ஷன் 2' என்ற விளையாட்டைத் தயாரித்தவர்கள், திருட்டுக் கார்டில் வாங்கப்பட்ட 1,341 சாவிகளை ரத்து செய்தார்கள். 2015-இல் யூபிசாஃப்ட் என்ற பெரிய கம்பெனியும் இப்படியே செய்தது. 'ஃபேக்டோரியோ' என்ற விளையாட்டைச் செய்தது செக் நாட்டில் உள்ள ஒரு சின்னக் கம்பெனி. அவர்களிடமிருந்து திருட்டுத்தனமாக வாங்கிய சாவிகளில் 198, ஜி2ஏ என்ற மறுவிற்பனைச் சந்தையில் 2016-இல் விற்கப்பட்டிருந்தன. 2020-இல் ஜி2ஏ அதை ஒப்புக்கொண்டு 39,600 டாலர் கொடுத்தது.

மலிவுச் சாவி எல்லாமே திருட்டு என்று நான் சொல்லவில்லை. தள்ளுபடியில் வாங்கி வைத்து விற்பவர்களும் உண்டு. வேறு நாட்டில் குறைந்த விலைக்கு வாங்கி விற்பவர்களும் உண்டு; அந்தச் சாவி சில சமயம் நம் நாட்டில் திறக்கவே திறக்காது. எது நல்லது, எது கெட்டது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. அதுதான் ஆபத்து.

அப்படியானால் நாம் என்ன செய்யலாம்?

விளையாட்டை அதன் சொந்தக் கடையிலேயே வாங்கச் சொல்லுங்கள். ஸ்டீமில் 2015 முதல் நம் ரூபாயிலேயே விலை இருக்கிறது. கோடையிலும் குளிர்காலத்திலும் பெரிய தள்ளுபடி போடுகிறார்கள். அங்கேயே வாங்கினால், பிடிக்காவிட்டால் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். வெளியில் வாங்கிய சாவிக்கு இந்த வசதி கிடையாது. எபிக் என்ற கடையில் வாராவாரம் இலவசமாகவே ஏதாவது ஒரு விளையாட்டு கொடுக்கிறார்கள். கொஞ்சம் காத்திருக்கப் பழக்குங்கள்.

வேறு கடையில் வாங்குவதானால், விளையாட்டைத் தயாரித்தவர்களே அந்தக் கடையைத் தங்கள் விற்பனையாளர் என்று சொல்கிறார்களா என்று பாருங்கள். "என் கணக்கையே பாஸ்வேர்டோடு தருகிறேன்" என்பவரிடம் போகவே வேண்டாம். நாளைக்கே பாஸ்வேர்டை மாற்றிவிடுவார்.

"பணத்தைத் திருப்பித் தருகிறோம், ஓடிபி சொல்லுங்கள், பின் நம்பர் போடுங்கள்" என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். நமக்குப் பணம் வருவதற்குப் பின் நம்பர் தேவையில்லை.

ஏமாந்துவிட்டால், வெட்கப்பட்டு மூடி மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். பணம் அனுப்பிய ரசீதையும் விற்றவனோடு பேசிய பேச்சையும் அழிக்காமல் வைத்திருங்கள். பொருள் சரியில்லை என்ற புகாருக்கு நுகர்வோர் உதவி எண் 1915.

இன்னொன்று. ஏமாந்து வந்த பிள்ளையை அடிக்காதீர்கள், ஏசாதீர்கள். ஏச்சு வாங்கிய பிள்ளை அடுத்த தடவை நம்மிடம் சொல்லவே சொல்லாது. அந்தக் குறைந்த விலைக்குப் பின்னால் கார்டைப் பறிகொடுத்த ஒருவரும், ராத்திரி பகலாக உழைத்து விளையாட்டைச் செய்த நாலு பேரும் இருக்கலாம் என்று பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லுங்கள். நம் பிள்ளைகளுக்கு நியாயம் சொன்னால் புரியும். விலையைக் கேட்பதற்கு முன் அது வந்த வழியைக் கேட்கக் கற்றுக்கொண்ட பிள்ளை, நாளைக்கு எந்தச் சந்தையிலும் தைரியமாக நிற்கும். என்ன, நான் சொல்வது சரிதானே?