துடைப்பம் வேண்டாம், பேனா கொண்டு வாருங்கள்

தாராவிக்குத் தொண்டு செய்யப் புறப்படும் நம் நண்பர்கள் இரண்டு மணி நேரம் துடைப்பம் பிடித்துவிட்டு, படமும் எடுத்துக்கொண்டு மாட்டுங்காவுக்குத் திரும்பிவிடுகின்றனர். நானும் அப்படித் திரும்பியவன்தான். மறுநாளே குப்பையும் திரும்பிவிடுகிறது!

2018-இல் மறைந்த ஜோக்கின் அற்புதம் வேறு வழி கண்டார். கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். 1963-இல் பம்பாய்க்கு வந்து, செம்பூருக்கு அப்பால் ஜனதா காலனியில் குடியிருந்தவர். அள்ளுவாரற்றுக் கிடந்த குப்பையைக் காலனிச் சிறுவர்கள் ஆளுக்கொரு பொட்டலமாகச் சுமந்து, மாநகராட்சி அலுவலக வாயிலிலேயே கொட்டும்படி செய்தார். 1976-இல் காலனி இடிபட்டது. மக்கள் சீத்தா கேம்புக்கு அனுப்பப்பட்டனர். அவர் ஓய்ந்தாரா? இல்லை. அவர் தலைமையேற்ற தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பு, குடிசைவாசிகளையே தத்தம் வீடுகளை எண்ணி எழுத வைத்தது. கணக்கு கையில் இருந்தமையால் அதிகாரிகளுடன் வாதாட முடிந்தது.

தாராவி மறுசீரமைப்புக்கான கணக்கெடுப்பு 2024-இல் தொடங்கியது. 2000 ஜனவரி 1-க்கு முன்பே இருந்ததை நிறுவும் தரைத்தள வீட்டாருக்கே தாராவிக்குள் இலவச வீடு என்பது விதி. பழைய ரேஷன் அட்டையைக் கரையான் அரித்திருந்தால் அந்தக் குடும்பத்தின் கதி என்ன?

சந்துதோறும் ஒரு பதிவேடு வேண்டும். எவர் வீடு, எந்த ஆண்டு முதல், என்ன சான்று என்பதை அங்குள்ள பெண்களே கேட்டு எழுதட்டும். தலைமை அவர்களுடையது. மராத்திப் படிவத்தைப் படித்துச் சொல்வதும் நகலெடுத்துத் தருவதும் நம் வேலை. எடுபிடி வேலைதான், அதிலென்ன குறைவு? வரும் ஞாயிறு காலை 90 அடிச் சாலையில் இருப்பேன்.