நெட்டையாக இருந்தால் போதுமா?

செஞ்சி ராஜகிரிக் கோட்டையை ஒரே தாவலில் ஏற முடியுமா? படிப்படியாகத்தான் ஏற வேண்டும். கூடைப்பந்தும் அப்படித்தான்.

கூடைக்கு அருகே நின்று ஆடுபவர் "சென்டர்". ஆள் நெட்டையாக இருந்தால் போதும் என்பார்கள் சில ரசிகர்கள். அது சரியா? இரண்டு பேரைப் பாருங்கள்.

பஞ்சாப் வீரர்

விவசாயி மகன் சத்னம் சிங். உயரம் 7 அடி 2 அங்குலம். 14 வயதில் அமெரிக்கா சென்று பயிற்சி பெற்றார். கல்லூரி அணியில் ஆடவில்லை. 2015-ல் டல்லாஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. இந்தியாவில் பிறந்து என்.பி.ஏ. அணிக்குத் தேர்வான முதல் வீரர் அவரே! ஆனால், ஒரு என்.பி.ஏ. பந்தயத்தில்கூட அவர் களம் இறங்கவில்லை.

கனடா வீரர்

சாக் ஈடி. உயரம் 7 அடி 4 அங்குலம். பர்டியூ பல்கலைக்கழகத்துக்கு 4 ஆண்டுகள் ஆடினார். முதல் ஆண்டு, பந்தயத்துக்குச் சராசரி 9 புள்ளிகூட இல்லை. பிறகு 14, 22, 25 என்று ஏறியது! 2023, 2024 இரண்டு ஆண்டுகளிலும் சிறந்த கல்லூரி வீரர் என்ற விருது பெற்றார். 2024-ல் 9-வது ஆளாக மெம்பிஸ் அணி அவரை எடுத்துக்கொண்டது.

உயரம் பெற்றோர் தருவது. ஆட்டம் ஆடி ஆடித்தான் வரும். கல்லூரியில் ஒரு நெட்டைப் பையன் தடுமாறினால் கேலி செய்யாதீர்கள். ஆட விடுங்கள். நாலு வருடம் பொறுங்கள்!