கோழிக் காய்ச்சல் நமக்கும் வருமா?

"12 நாட்டுக்கோழிகள் வளர்க்கிறோம். வருஷா வருஷம் எங்களுக்குச் சளிக்காய்ச்சல் வந்து போகிறது. அந்த எதிர்ப்பு சக்தி பறவைக் காய்ச்சலையும் தடுக்குமா?"
- வாசகி, பிள்ளைப்பாக்கம்.

அதை நம்பி இருக்க முடியாது. உடம்பு ஏற்கெனவே பார்த்த வைரஸைத்தான் சட்டென அடையாளம் காணும். ஹெச்5என்1 நமக்குப் புதிது. 1968-க்கு முன் பிறந்தவர்கள் சிறுவயதில் கண்ட காய்ச்சல் வைரஸ் இதற்குத் தூரத்து உறவு என்பதால், அவர்களுக்கு ஓரளவு பாதுகாப்பு இருக்கலாம் என்கின்றன ஆய்வுகள். பாட்டி தாங்குவதைப் பேரப்பிள்ளை தாங்காமல் போகலாம். 2025 மார்ச்சில் ஆந்திராவின் நரசராவ்பேட்டையில் 2 வயதுக் குழந்தை இந்த வைரஸால் இறந்தது; பச்சைக் கோழிக்கறித் துண்டைத் தின்றதாகச் செய்திகள் வந்தன. நன்றாக வெந்த கறி, முட்டையால் பயமில்லை.

கோழிகள் அடுத்தடுத்துச் செத்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். அறுக்கவோ, ஏரியில் வீசவோ வேண்டாம். கால்நடை மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். அதன்பின் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் கண்டால், கோழி செத்ததையும் டாக்டரிடம் சொல்ல மறக்காதீர்கள்.