உரத்தைப் பிறகு பார்ப்போம், முதலில் வேரைப் பாருங்கள்



காலையில் சுள்ளென்று வெயில். மூன்று மணிக்குக் கருமேகம். நான்கு மணிக்கு இடியோடு மழை. மேற்குக் கரை மாநிலங்களில் ஏப்ரலையும் அக்டோபரையும் ஒட்டி, இரண்டு பருவக் காற்றுகள் மாறுகின்ற இடைக்காலத்தில் இதுதான் வழக்கம். அந்த நாள்களில் தோட்டத்து லயத்திலும் தாமான் வீட்டிலும் ஒரே முறையீடுதான் காதில் விழும்.

"மிளகாக் கன்னு வச்சு ஒன்றரை மாசமாச்சு டீச்சர். ரெண்டு தடவ உரம் போட்டுட்டேன். இன்னும் ஒரு சாண் தாண்டல. பிடுங்கிப் போட்டுடலாமான்னு இருக்கு."

பிடுங்குவதா, விட்டு வைப்பதா? கேள்வி சின்னதுதான். ஆனால் கேமரன் மலையில் சில நாள் அடைமழை பிடித்தால் இங்கே சந்தையில் கீரைக்கட்டின் விலை ஏறிவிடுகிறது. பள்ளிக்கூடச் செலவு, பேருந்துக் கட்டணம் எல்லாம் போக மிஞ்சுகின்ற வெள்ளியில் கறிகாய் வாங்கும் குடும்பத்திற்குக் கொல்லையில் நிற்கும் பத்துச் செடி பெரிய துணை. அதை அவசரப்பட்டுப் பிடுங்கினால் ஒன்றரை மாத உழைப்பு வீண். நோய் பிடித்த செடியை இரக்கப்பட்டு விட்டு வைத்தால் பக்கத்துச் செடியும் சேர்ந்து போகும். ஆகவே, செடி ஏன் நின்றுவிட்டது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

இலைதான் செடியின் அடுப்படி. சூரிய ஒளிதான் அங்கே எரிகின்ற விறகு. மிளகாய், கத்தரி, வெண்டை, பயற்றங்காய் போன்ற காய்க்கும் செடிகளுக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேர நேர்வெயிலாவது வேண்டும். வானம் நாள் முழுதும் மூடிக் கிடந்தால் அடுப்பு மந்தமாகத்தான் எரியும். 1997, 2015, 2019 ஆகிய ஆண்டுகளில் புகைமூட்டம் சூழ்ந்தபோதும் ஒளி குறைந்தது. இப்படி நிற்கின்ற செடிக்கு நோய் கிடையாது. இலை பச்சையாகவே இருக்கும். வளர்ச்சி மட்டும் மெதுவாக இருக்கும். வானம் தெளிந்தால் அது தானே எழுந்துவிடும்.

ஒளிக் குறைவை விடப் பெரிய கேடு மண்ணுக்குள் நடப்பது. வேரும் மூச்சு விடுகிறது என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. மண் துகள்களுக்கு இடையே உள்ள சந்துகளில் காற்று இருக்கிறது. தொடர்ந்து மழை பெய்தால் அந்தச் சந்துகளில் தண்ணீர் நிறைந்துவிடும். காற்றில் பரவுவதைப் போலத் தண்ணீரில் பிராணவாயு பரவ முடியாது. ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் பரவும். வேர் திணறுகிறது. திணறிய வேரால் தண்ணீரையும் சத்தையும் மேலே அனுப்ப முடிவதில்லை. அதனால்தான் ஈர மண்ணில் நின்றுகொண்டே செடி வாடுகிறது. நாமோ தாகம் என்று நினைத்து, மாலையில் இன்னும் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுகிறோம்!

உரம் போட்டும் வளராததற்குக் காரணமும் இதுவே. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைட்ரஜன். போட்ட மறுநாள் கனமழை கொட்டினால் அதில் ஒரு பங்கு கால்வாய்க்குப் போய்விடும். மண்ணில் தங்குகின்ற பங்கையும் திணறிக் கிடக்கும் வேர் எடுத்துக்கொள்ளாது. அதற்கு மேலும் போட்டால், வெயில் அடித்து மண் காய்கின்றபோது உப்பு மிகுந்து, வேரிலுள்ள நீரையே இழுத்து, இலை ஓரம் கருகிப் போகும். காய்ச்சலில் படுத்திருக்கும் பிள்ளைக்குக் கறிச்சோறு ஊட்டுகின்ற கதைதான்.

நம் மண்ணின் புளிப்பையும் மறந்துவிடக் கூடாது. மழை மிகுந்த நாடு. சுண்ணாம்புச் சத்தை மழை கரைத்துக்கொண்டு போய்விடுகிறது. நம் மேட்டு நிலங்கள் பலவற்றில் கார அமில அளவு 4க்கும் 5க்கும் இடையில்தான் இருக்கும். காய்கறிக்கு வேண்டியது 6 முதல் 6.5 வரை. புளித்த மண்ணில் அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கெடுக்கும். வேர் நீளாமல் கட்டையாக நின்றுவிடும்.

இனி, பிடுங்குவதா என்ற கேள்விக்கு வருவோம். மிகவும் குன்றி நிற்கும் ஒரு செடியை மட்டும் மண்ணோடு தோண்டி எடுங்கள். வேரைத் தண்ணீரில் மெல்ல அலசிப் பாருங்கள்.

வேர் வெள்ளையாக, உறுதியாக இருந்தால் மற்றச் செடிகளை விட்டு வையுங்கள். அவை பிழைக்கும். வேர் பழுப்பாகி, தொட்டால் தோல் உரிந்து, கெட்ட வாடை அடித்தால் நீர் தேங்கியிருக்கிறது என்று பொருள். கத்தரி, வெண்டை, மிளகாய் வேரில் முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தால் அது நூற்புழுவின் வேலை. அந்தச் செடிகளை வேரோடு எடுத்துக் குப்பையில் சேர்த்துவிட்டு, அதே பாத்தியில் அந்த இனங்களைச் சில காலம் நடாமல் இருப்பது நல்லது. ஆனால் பயற்றங்காய் வேரில் காணும் சிறு உருண்டைகளைக் கண்டு பயந்துவிடாதீர்கள். விரலால் தள்ளினால் அவை எளிதில் உதிரும். கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அவை காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்குப் பிடித்துக் கொடுக்கும் நுண்ணுயிர்களின் வீடுகள்.

இலையும் சேதி சொல்லும். அடி இலை முதலில் மஞ்சளானால் நைட்ரஜன் குறைவு. மிளகாயின் குருத்திலை சுருண்டு சிறுத்தால், இலையைத் திருப்பி அடியில் பாருங்கள். பேன், சிலந்திப்பூச்சி போன்றவை மழை விட்ட வெயில் நாள்களில் பெருகும். இலையில் பச்சையும் மஞ்சளும் திட்டுத் திட்டாகக் கலந்து, செடியும் குறுகிப் போயிருந்தால் நச்சுயிரி நோயாக இருக்கலாம். அதற்கு மருந்து இல்லை. அந்தச் செடியைத் தயங்காமல் பிடுங்கிவிடுங்கள்.

விட்டு வைத்த செடிகளுக்கு என்ன செய்யலாம்? முதல் வேலை, தண்ணீருக்கு வழி விடுவது. ஓர் அடி ஆழக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். வடிந்ததும் மறுபடியும் நிரப்புங்கள். நான்கு மணி நேரம் கழித்தும் தேங்கி நின்றால் அங்கே வடிகால் போதாது. பாத்தியைச் சுற்றி ஒரு மண்வெட்டி அகலத்திற்கு வாய்க்கால் வெட்டி, அந்த மண்ணைப் பாத்தி மேல் போடுங்கள். பாத்தி 20 முதல் 30 சென்டிமீட்டர் உயரம் இருக்கட்டும். இறுகிப் போன மேல்மண்ணை வேர் அறாமல் லேசாகக் கிளறிவிடுங்கள். காய்ந்த இலை, விதை பிடிக்காத லாலாங் புல் ஆகியவற்றைத் தண்டில் படாமல் பரப்பினால் மழை மண்ணை அடித்து இறுக்காது. திடீர் வெயிலிலும் வேர் சுடாது.

அடுத்த பத்து நாள்களுக்கு உரம் வேண்டாம். செடிக்குப் பக்கத்தில் ஒரு குச்சியை ஊன்றி, செடியின் உயரத்திற்குக் கோடு போடுங்கள். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்தால் ஆசையாகச் செய்வார்கள். வாரம் ஒரு கோடு. கோடு ஏறினால் செடி மெதுவாகவாவது வளர்கிறது. புதுக் குருத்தும் விட்டால் வேர் தேறிவிட்டது. அப்போது 15:15:15 கலவை உரத்தில் ஒரு தேக்கரண்டி, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, மழை இல்லாத காலையில் போட்டு மண்ணால் மூடுங்கள். தோட்டத்து வேலையில் மிஞ்சிய களைக்கொல்லியையோ பூச்சி மருந்தையோ வீட்டுக் கீரைப் பக்கம் கொண்டுவரவே கூடாது. பிள்ளைகள் சாப்பிடுகின்ற கீரை அது.

புதுப் பாத்தி போடுகிறவர்கள், நடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே சதுர மீட்டருக்கு 200 முதல் 300 கிராம் சுண்ணாம்புக்கல் தூளை மண்ணோடு கலந்துவிடுங்கள். சுண்ணாம்பையும் யூரியாவையும் ஒரே நாளில் போடாதீர்கள். நைட்ரஜன் ஆவியாகப் போய்விடும்.

அடுக்குமாடி வீட்டில் தொட்டி வைத்திருப்பவர்கள் அடித்துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். தொட்டிக்குக் கீழே தட்டில் தேங்கும் நீர் வேருக்கும் கேடு. ஏடிஸ் கொசுவுக்கும் வீடு.

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்று நம் தாத்தா பாட்டி சொல்லிக்கொண்டே கப்பலேறி வந்தார்கள். அங்கே ஆடிக்குப் பின் வரும் மழை வரம். இங்கே அக்டோபர், நவம்பர் மழை அளவுக்கு மிஞ்சியது. பழமொழியின் உட்பொருள் மழையை எண்ணி விதை என்பதுதான். மேற்குக் கரையில் ஜூலை மாதம் போட்ட வெண்டையும் பயற்றங்காயும் ஐம்பது நாளில் காய்க்கத் தொடங்கி, பெருமழைக்கு முன் பலன் தந்துவிடும். மழை மாதங்களுக்கு ஈரத்தை விரும்பும் கங்கோங் கீரையைப் போடுங்கள். முப்பது நாளில் அறுக்கலாம். மிளகாயைக் கூரை ஓரத்தில், வெயில் படும் இடமாகப் பார்த்துத் தொட்டியில் வையுங்கள்.

1974-இல் துன் அப்துல் ரசாக் பிரதமராக இருந்தபோது, பச்சைப் புத்தகத் திட்டம் என்று வீட்டுக்கு வீடு காய்கறி நடச் சொன்னார்கள். அன்று பல லயங்களுக்குப் பின்னால் நிலம் இருந்தது. இன்று பலருக்கு நான்கு தொட்டிதான் நிலம். நிலம் குறைந்துவிட்டதால் ஒவ்வொரு செடியும் முன்னை விட அருமையாகிவிட்டது.

ஆகவே, இந்த வாரம் கடைக்குப் போய் உரப்பை வாங்குவதற்கு முன், ஒரே ஒரு செடியின் வேரைப் பார்த்துவிடுங்கள். அடுத்த இதழில், அடுக்களைக் கழிவைக் கொண்டு துர்வாடை இல்லாமல் தழை உரம் செய்வது எப்படி என்று பார்ப்போம்.