கிணற்று நீச்சலும் பந்தய நீச்சலும்

நிலக்கோட்டை வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு நீச்சல் பள்ளிக்கூடம் தோட்டத்துக் கிணறுதான். இடுப்பில் கயிறோ சுரைக்குடுக்கையோ கட்டி இறக்கிவிடுவார்கள். கோடை முடிவதற்குள் பையன் தேறிவிடுவான். தலையை நீருக்கு மேல் தூக்கிக்கொண்டு, கைகளை மடக்காமல் நீட்டி வீசி நீந்துவான். சில வீச்சுகளில் எதிர்ச்சுவர் வந்துவிடும் கிணற்றில் அது போதும். ஆனால் அவனே 50 மீட்டர் குளத்தில் பந்தயத்துக்கு வந்து நின்றால், "இது நீச்சலே அல்ல, முழங்கையை மடக்கு, முகத்தை நீருக்குள் வை" என்கிறார்கள். பழகிய முறையை அவன் விட்டுவிடத்தான் வேண்டுமா?

'பிரீஸ்டைல்' பந்தயத்தில் எந்த முறையிலும் நீந்தலாம் என்பதே சர்வதேச விதி. அங்கே அழகுக்கு மதிப்பெண் கிடையாது. முந்தி வருபவருக்கே வெற்றி.

புது முறையைக் கண்டு நகைப்பது உலகத்துக்குப் புதிதல்ல. 1844-ல் வட அமெரிக்கப் பழங்குடியினர் இருவர் லண்டனில் கைகளை மாற்றி மாற்றி வீசி, வெகு வேகமாக நீந்திக் காட்டினார்கள். காற்றாலை சுழல்வது போல் இருக்கிறதென்று ஆங்கிலேயர் முகம் சுளித்து, தங்கள் தவளை நீச்சலையே தொடர்ந்தார்கள். பின்னாளில் கைமாற்று நீச்சல்தான் உலகையே வென்றது. அது நெடுந்தூரத்துக்கு ஆகாது என்றும் சொல்லப்பட்டது. 1926-ல் கெர்ட்ரூட் எடர்லி என்ற அமெரிக்கப் பெண் அதே முறையில் ஆங்கிலக் கால்வாயைச் சுமார் பதினான்கரை மணி நேரத்தில் கடந்தார். அவருக்கு முன் கடந்த ஐந்து ஆண்களில் எவரும் அவ்வளவு விரைவாகக் கடந்ததில்லை.

கையை மடக்காமல் வீசி வென்றவரும் உண்டு. ஜேனட் எவன்ஸ் என்ற அமெரிக்க வீராங்கனை, 1988 சியோல் ஒலிம்பிக்கில் 17 வயதில் மூன்று தங்கப் பதக்கங்கள் பெற்றார். 1989-ல் 800 மீட்டரில் அவர் படைத்த சாதனை 2008 வரை நிலைத்து நின்றது.

ஆகவே கிணற்று நீச்சல் முழுவதும் சரி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. காற்றில் கை எப்படிப் போகிறது என்பதைவிட, நீருக்குள் அது எவ்வளவு தண்ணீரைப் பின்னுக்குத் தள்ளுகிறது என்பதே முக்கியம். தலை உயர்ந்தால் இடுப்பும் காலும் தாழும். தாழ்ந்த உடலைத் தண்ணீர் தடுக்கும். கிணற்றுப் பழக்கத்தில் மாற்ற வேண்டியது தலையின் நிலை, கைவீச்சு அல்ல. நீரில் சிக்கியவரைக் காப்பாற்றப் போகும்போது மட்டும், அவரைக் கண்ணிலிருந்து தவறவிடாமலிருக்கத் தலை தூக்கிய நீச்சல் உதவும். அதையும் மறக்க வேண்டியதில்லை.

எவன்ஸ் செய்தார் என்பதற்காக மடக்கி வீசுபவர் நீட்டி வீசத் தொடங்குவதும் அறிவுடைமை அல்ல. அவருடைய சிறிய உடலுக்கும் விரைந்த வீச்சுக்கும் அது பொருந்தியது. எல்லாத் தோள்களும் அதைத் தாங்கா. ஒரே தூரத்தை இரு முறைகளிலும் சில வாரங்கள் நீந்தி, நேரத்தையும் வீச்சுகளின் எண்ணிக்கையையும் குறித்துப் பார்க்கலாம். நேரம் குறைந்து, தோளும் வலிக்காமலிருந்தால் அந்த முறையே அவருக்கு உரியது. தோள் வலித்தால் உடனே நிறுத்த வேண்டும்.

கிராமத்துப் பிள்ளையின் கைவீச்சைப் பார்த்துக் குறை சொல்லுமுன், பயிற்சியாளர்கள் தங்கள் கையிலுள்ள கடிகாரத்தை ஒரு முறை பார்க்க வேண்டும்.